மறைத்தால் மூடும், சொன்னால் திறக்கும்: விமானியின் மருத்துவச் சான்றிதழ் சொல்லும் பாடம்

பயணிகள் விமானத்தை ஓட்டுபவரிடம் இரண்டு ஆவணங்கள் இருந்தாக வேண்டும். ஒன்று விமானி உரிமம். மற்றொன்று முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ். உரிமத்தைப் படித்தும் பயிற்சி செய்தும் வாங்கிவிடலாம். சான்றிதழை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் உடம்புதான் வாங்கித் தர வேண்டும். வயது 60-ஐத் தாண்டிவிட்டால் ஆறு மாதத்திற்கு ஒரு முறை. மருத்துவர் அதைப் புதுப்பிக்க மறுத்துவிட்டால், பத்தாயிரம் மணி நேரம் பறந்த கேப்டனும் அன்றிலிருந்து விமானி இருக்கையில் உட்கார முடியாது.

பினாங்கில் எஸ்பிஎம் முடிவுகள் வந்த பிறகு நடக்கும் கல்வி வழிகாட்டிக் கூட்டங்களில் நான் மாணவர்களோடு பேசுவதுண்டு. பாயான் லெப்பாஸில் விமானங்கள் இறங்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ஆண்டுதோறும் சிலராவது விமானி ஆக வேண்டும் என்கிறார்கள். கணிதத்தில் என்ன மதிப்பெண் வேண்டும், கட்டணம் எவ்வளவு, கடன் கிடைக்குமா என்று வரிசையாகக் கேட்கிறார்கள். உடல்நலத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கேட்பவர்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சார், சின்ன வயசுல எனக்கு ஆஸ்துமா இருந்துச்சு. அத டாக்டர்கிட்ட சொல்லணுமா?” என்றுதான் கேட்கிறார்கள். பெற்றோர் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், “சொல்லாம விட்டா யாருக்குத் தெரியப் போகுது?” என்கிறார்கள்.

இந்தக் கேள்விக்குத்தான் இக்கட்டுரையில் பதில் சொல்ல விரும்புகிறேன். என் கருத்து இதுதான்: கடுமையான நோய் வந்த விமானியும் மீண்டும் பறப்பதற்கு வான் போக்குவரத்துத் துறையில் முறையான வழி இருக்கிறது. ஆனால், அந்த வழி நோயைச் சொல்பவருக்கு மட்டுமே திறக்கும்.

பத்து ஆண்டுகள் தரையில்

நோயால் தரையிறக்கப்பட்டு மீண்டும் பறந்தவர்களில் உலகம் நன்கறிந்த இருவர் அமெரிக்க விண்வெளி வீரர்கள். இருவருமே அடிப்படையில் போர் விமானங்களை ஓட்டியவர்கள்.

முதலாமவர் டீக் ஸ்லேட்டன். 1959-இல் அமெரிக்கா தேர்ந்தெடுத்த முதல் ஏழு விண்வெளி வீரர்களில் ஒருவர். அவருடைய இதயம் சில வேளைகளில் ஒழுங்கில்லாமல் துடிப்பது பயிற்சியின்போது தெரிய வந்தது. 1962 மார்ச்சில், அவர் விண்ணுக்குச் செல்ல இரண்டே மாதங்கள் இருந்த நிலையில், அந்தப் பயணத்திலிருந்து நீக்கப்பட்டார். அவருடைய இடத்தில் ஸ்காட் கார்பென்டர் சென்றார். ஸ்லேட்டனுக்கு அப்போது வயது 38.

அவர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. நாசாவில் விண்வெளி வீரர்களை நிர்வகிக்கும் பொறுப்பை ஏற்றார். எந்தப் பயணத்தில் யார் போவது என்பதைத் தேர்ந்தெடுக்கும் வேலை அது. நிலவுக்குச் சென்றவர்களை அனுப்பி வைத்தவர், தான் போக முடியாதவராகத் தரையில் இருந்தார். அதே நேரத்தில் புகைபிடிப்பதை விட்டார், உடற்பயிற்சி செய்தார், தொடர்ந்து மருத்துவர்களிடம் தன்னைக் காட்டிக்கொண்டார். துடிப்பு சீரானது. மாயோ கிளினிக்கில் விரிவான சோதனைகள் நடந்தன. 1972 மார்ச்சில் அவருக்கு மீண்டும் பறக்கும் தகுதி வழங்கப்பட்டது. 1975 ஜூலையில், அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் சேர்ந்து நடத்திய அப்பல்லோ-சோயுஸ் பயணத்தில், 51-ஆம் வயதில் அவர் விண்ணுக்குச் சென்றார். தேர்வு பெற்றதிலிருந்து 16 ஆண்டுகள் காத்திருப்பு.

இரண்டாமவர் ஆலன் ஷெப்பர்ட். 1961 மே 5-ஆம் தேதி விண்ணுக்குச் சென்ற முதல் அமெரிக்கர். பின்னர் உட்காதில் நீர் அழுத்தம் கூடும் மெனியர் நோய் அவரைத் தாக்கியது. தலை சுற்றும், காது இரையும், வாந்தி வரும். இப்படிப்பட்டவரைத் தனியாக விமானம் ஓட்ட விட முடியுமா? தரையிறக்கினார்கள். 1968-இல் அவர் காதில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். செய்தி வெளியே பரவக்கூடாது என்று மருத்துவமனையில் வேறு பெயரில் சேர்ந்தார். ஊருக்குச் சொல்லவில்லை, ஆனால் தொடக்கத்தில் மறைக்க முயன்ற நோயைத் தன்னைச் சோதிக்க வேண்டிய மருத்துவர்களிடம் பின்னர் ஒப்புக்கொண்டிருந்தார். இந்த வேறுபாடு முக்கியம். 1969 மே மாதம் தகுதி திரும்பக் கிடைத்தது. 1971 பிப்ரவரியில் அப்பல்லோ 14 பயணத்தில், 47 வயதில், நிலவில் நடந்தார்.

இவர்கள் புகழ்பெற்றவர்கள், அதனால் சலுகை கிடைத்தது என்று சிலர் நினைக்கலாம். இவர்கள் திரும்பியது சான்றுகளின் பலத்தால்தான். புகழ் மட்டும் போதுமென்றால் ஸ்லேட்டன் பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை.

நூறு கோடியில் ஒன்று

விமானிக்கு மட்டும் ஏன் இவ்வளவு கடுமை? 1972 ஜூன் 18-ஆம் தேதி லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட ஒரு டிரைடென்ட் விமானம் சில நிமிடங்களில் ஸ்டெயின்ஸ் என்ற ஊரருகே விழுந்தது. 118 பேரும் மாண்டனர். விமானத்தை ஓட்டிய கேப்டனின் இதய நோயும் அவருடைய தீர்மானங்களைப் பாதித்திருக்கும் என்று விசாரணை கூறியது. ஒருவர் உடம்பு ஒரு நொடி தடுமாறினால் நூறு குடும்பங்கள் அழியும். அதனால்தான் இந்தக் கண்டிப்பு.

ஆனால், கண்டிப்பு என்பது கண்ணை மூடிக்கொண்டு மறுப்பதல்ல. ஐரோப்பாவில் 1980-களில் இதய மருத்துவர்கள் உருவாக்கிய ‘ஒரு விழுக்காட்டு விதி’ இதற்கு நல்ல சான்று. கணிதம் படிக்கும் மாணவர்கள் தாங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஒரு விமானி ஓர் ஆண்டுக்குள் திடீரென மயங்கிச் செயலிழக்கும் வாய்ப்பு 1 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம். கணக்கு எளிதாக இருக்க அதைப் பத்தாயிரம் என்று கொண்டால், ஒரு மணி நேரத்தில் அப்படி நேரும் வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்று. ஒரு மணி நேரப் பயணத்தில் புறப்படுவதும் தரையிறங்குவதுமான ஆபத்தான பகுதி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அந்தப் பகுதியில் ஒருவர் செயலிழந்தாலும், பக்கத்தில் இருக்கும் விமானி நூற்றில் 99 முறை விமானத்தைக் காப்பாற்றிவிடுவார். எல்லாவற்றையும் பெருக்கினால் கிடைப்பது நூறு கோடியில் ஒன்று. இந்த அளவு ஆபத்தை ஏற்கலாம் என்பதே அந்த விதி.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. “உனக்கு நோய் இருக்கிறதா?” என்ற கேள்வியோடு அது நின்றுவிடவில்லை. “உன் நோயால் ஓர் ஆண்டில் எவ்வளவு ஆபத்து?” என்று கேட்கிறது. முதல் கேள்விக்கு ஆம், இல்லை என்ற பதில்தான் உண்டு. இரண்டாவது கேள்விக்குச் சிகிச்சையாலும் காலத்தாலும் சோதனைகளாலும் பதிலை மாற்ற முடியும்.

திரும்பி வரும் பாதை

நம் நாட்டில் விமானிகளின் உரிமத்தையும் மருத்துவத் தகுதியையும் கவனிப்பது மலேசியப் பொது வான் போக்குவரத்து ஆணையம். முன்பு இலாகாவாக இருந்தது 2018 பிப்ரவரி 19 முதல் ஆணையமாகச் செயல்படுகிறது. அனைத்துலகப் பொது வான் போக்குவரத்து அமைப்பின் விதிகள்தான் உலக நாடுகளுக்கெல்லாம் அடிப்படை. அவ்விதிகளில் இரண்டு, நம் பேச்சுக்கு முக்கியமானவை.

முதல் விதி: தன் உடல்நிலை குறைந்துவிட்டது என்று உணரும் விமானி, கையில் செல்லுபடியாகும் சான்றிதழ் இருந்தாலும், பறக்கக் கூடாது. யாரும் சொல்லும்வரை காத்திருக்காமல் தானே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது விதி: மருத்துவ அளவுகோலை ஒருவர் முழுமையாக நிறைவு செய்யாவிட்டாலும், தகுதி பெற்ற நிபுணர்கள் அவருடைய நிலைமையை ஆராய்ந்து, பாதுகாப்புக்குக் குந்தகம் இல்லை என்று முடிவு செய்தால், நிபந்தனைகளோடு அவருக்குச் சான்றிதழ் வழங்கலாம். திரும்பி வரும் கதவு இதுதான்.

மாரடைப்பு வந்து இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த ஒரு விமானியை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய விதிப்படி அவர் குறைந்தது ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். பிறகு டிரெட்மில்லில் ஓடவிட்டு இதயத்தின் மின்துடிப்பைப் பதிவு செய்வார்கள். இதயம் இரத்தத்தை எவ்வளவு வலுவாக வெளியேற்றுகிறது என்று ஸ்கேன் எடுப்பார்கள். கொழுப்பு, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எல்லாம் கட்டுக்குள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால், இன்னொரு தகுதியான விமானி பக்கத்தில் இருக்கும் விமானங்களில் மட்டும் பறக்கலாம் என்ற நிபந்தனையோடு சான்றிதழ் கொடுப்பார்கள்.

இதில் ஒவ்வொரு படியிலும் கேட்கப்படுவது ஆவணம். எந்த நாளில் நோய் வந்தது, என்ன மருந்து, எந்தச் சோதனையில் என்ன அளவு என்று எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். நோயை மறைத்து, பெயர் தெரியாத கிளினிக்கில் ரகசியமாக மருந்து வாங்கியவரிடம் இந்த ஆவணம் இருக்காது. அவர் குணமாகியிருக்கலாம். ஆனால், குணமானதை அவரால் நிரூபிக்க முடியாது.

எல்லா நோய்க்கும் இந்தக் கதவு ஒரே அளவில் திறப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வலிப்பு நோய் உறுதி செய்யப்பட்டவருக்கு, இன்றைய விதிகளில் பயணிகள் விமானம் ஓட்டும் வாய்ப்பு அநேகமாக இல்லை. கசப்பான உண்மைதான். ஆனால், சில இலட்சம் ரிங்கிட் கடன் வாங்கிய பிறகு தெரிந்துகொள்வதைவிட, 18 வயதில் தெரிந்துகொள்வது மேல்.

மூடிய கதவுகள் திறந்த கதை

நேற்றுவரை மூடியிருந்த சில கதவுகள் இன்று திறந்திருக்கின்றன. நம் சமூகத்துக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு நீரிழிவு. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே விகிதம் மற்ற இனத்தவரைவிட அதிகம். இன்சுலின் போடுபவர் பயணிகள் விமானம் ஓட்டுவது நீண்ட காலம் நினைத்துப் பார்க்க முடியாததாக இருந்தது. சர்க்கரை திடீரென இறங்கினால் மயக்கம் வரும் என்ற அச்சமே காரணம்.

பிரிட்டன் 2012-இல் கண்டிப்பான நிபந்தனைகளோடு அனுமதிக்கத் தொடங்கியது. பறப்பதற்கு முன்பும், பறக்கும்போது மணிக்கொரு முறையும், தரையிறங்குவதற்கு முந்தைய அரை மணி நேரத்திற்குள்ளும் விமானி தன் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும். அளவுகள் போக்குவரத்து விளக்கைப் போல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டன. இப்படிப் பறந்த 49 விமானிகளின் 38,621 அளவீடுகளை ஆராய்ந்து 2020-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 97.7 விழுக்காடு பச்சையில் இருந்தன. ஒருவர்கூடப் பறக்கும்போது செயலிழக்கவில்லை. அமெரிக்காவும் 2019-இல் இன்சுலின் போடும் விமானிகளுக்குப் பயணிகள் விமானத்தில் வழிவிட்டது. எல்லா நாடுகளும் இதை ஏற்கவில்லை. ஆனால், கதவைத் திறந்தது எது என்று பாருங்கள். தங்கள் நோயை ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு மணி நேரமும் விரலைக் குத்தி எழுதி வைத்தவர்களின் பதிவேடுகள்.

மனச்சோர்வுக்கான மருந்துகளின் கதையும் அப்படித்தான். அமெரிக்க வான் போக்குவரத்து நிர்வாகம் 2010 ஏப்ரலில் குறிப்பிட்ட நான்கு மருந்துகளை எடுத்துக்கொண்டு நிலையாக இருப்பவர்களுக்குச் சான்றிதழ் தர முன்வந்தது. அதோடு, அதுவரை மறைத்தவர்கள் ஆறு மாதத்திற்குள் உண்மையைச் சொன்னால் தண்டனை நடவடிக்கை இல்லை என்றும் அறிவித்தது. பயமுறுத்தினால் மறைப்பார்கள், வழிவிட்டால் சொல்வார்கள் என்று ஓர் அரசு நிறுவனமே உணர்ந்துகொண்டதன் அடையாளம் இது.

ஜெர்மன்விங்ஸ் எழுப்பும் கேள்வி

என் கருத்துக்கு எதிராக வலுவான ஒரு வாதம் உண்டு. 2015 மார்ச் 24-ஆம் தேதி ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி வேண்டுமென்றே பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் மோதினார். அவரோடு சேர்த்து 150 பேர் மாண்டனர். அவர் யார்? 2009-இல் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்று, மருத்துவச் சான்றிதழை இழந்து, அதே ஆண்டில் மீண்டும் பெற்றவர். “திருப்பித் தந்ததால்தானே இந்த அழிவு?” என்று கேட்பது நியாயம்தான்.

விசாரணை அறிக்கையைக் கவனித்தால் வேறொன்று தெரிகிறது. அந்தச் சான்றிதழில், நோய் திரும்பினால் இது செல்லாது என்ற நிபந்தனை இருந்தது. விபத்துக்கு முந்தைய மாதங்களில் நோய் திரும்பியது. அவர் பல மருத்துவர்களைப் பார்த்தார். வேலைக்குப் போக வேண்டாம் என்று விடுப்புச் சீட்டும் கிடைத்தது. அதை நிறுவனத்திடம் காட்டாமல் மறைத்தார். மருத்துவர்களும் இரகசியம் காக்கும் கடமையை எண்ணி யாருக்கும் சொல்லவில்லை. ஆகவே, இங்கே உடைந்தது திரும்பி வரும் வழியன்று. இரண்டாம் முறை சொல்லும் வழிதான் அடைபட்டிருந்தது.

உரிமத்தை இழந்தால் வருமானமும் போகும், தலைமேல் கடனும் நிற்கும் என்ற பயம் விமானிகளை மறைக்கத் தூண்டுகிறது என்று அந்த விசாரணையே சுட்டிக்காட்டியது. அந்தப் பொருளாதாரச் சுமையைக் குறைக்கவும், விமானிகள் தங்களுக்குள் மனம்விட்டுப் பேச ஆதரவுக் குழுக்கள் அமைக்கவும் பரிந்துரைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் அத்தகைய ஆதரவுத் திட்டங்களைக் கட்டாயமாக்க விதி வகுத்தது. பயம் எவ்வளவு பரவலானது என்பதற்கும் சான்று உண்டு. 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், 3,765 அமெரிக்க விமானிகளில் 56 விழுக்காட்டினர், சான்றிதழ் போய்விடுமோ என்று அஞ்சி மருத்துவ உதவியைத் தவிர்த்ததுண்டு என்று கூறினர். பாதிக்கும் மேல்!

வீட்டிலிருந்தே தொடங்கும் பழக்கம்

மறைக்கும் பழக்கத்தை விமானி பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொள்வதில்லை. அது வீட்டில் தொடங்குகிறது. நம் குடும்பங்களில் வலிப்பு, ஆஸ்துமா, மனச்சோர்வு போன்றவை பேசக் கூடாத சொற்கள். “வெளிய சொல்லாத, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்போது பேச்சாயிடும்” என்பது நாம் எல்லாரும் கேட்ட வசனம். பிள்ளை தூங்கவில்லை, சாப்பிடவில்லை என்றாலும், பள்ளியின் ஆலோசக ஆசிரியரைப் பார்ப்பதை அவமானமாக நினைக்கிறோம். இப்படி வளர்ந்த பிள்ளை, நாளை 180 பேரை ஏற்றிக்கொண்டு பறக்கும்போது, தன் நெஞ்சுவலியை மட்டும் எப்படி உடனே சொல்லும்?

பெற்றோரின் பயத்தை நான் குறை சொல்லவில்லை. வீட்டை அடகு வைத்து மகளையோ மகனையோ பயிற்சிக்கு அனுப்பும் குடும்பத்துக்கு, ஒரு மருத்துவரின் கையெழுத்து வாழ்வா சாவா என்பது போன்றது. அதனால்தான் நேர்மையை மாணவர்களிடம் மட்டும் எதிர்பார்ப்பது போதாது என்கிறேன். கடன் கொடுப்பவர்களும், பயிற்சிப் பள்ளிகளும், விமான நிறுவனங்களும் ஒப்பந்தத்திலேயே ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்: மாணவர் நோயால் தகுதி இழந்தால் கடன் என்ன ஆகும்? காப்புறுதி உண்டா? தரையில் வேறு வேலை தரப்படுமா? பதில் இருந்தால் மறைக்க வேண்டிய தேவையே பாதி குறைந்துவிடும்.

மாணவர்களுக்குச் சில சொற்கள்

விமானி ஆக விரும்பும் மாணவர்களே, பயிற்சிப் பள்ளிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், ஆணையம் அங்கீகரித்த மருத்துவரிடம் முதல் வகுப்புச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். கட்டணத்தோடு ஒப்பிட்டால் அதற்கு ஆகும் செலவு சிறியது.

படிவத்தில் கேட்கும் கேள்விகளுக்கு உண்மையை எழுதுங்கள். பல ஆண்டுகளாகத் தொல்லை தராத சிறுவயது ஆஸ்துமாவை, நுரையீரல் சோதனை செய்து மதிப்பிடுவார்கள். இருந்தது என்று எழுதுவதாலேயே வாய்ப்பு போய்விடாது. இல்லை என்று பொய் எழுதிப் பின்னால் தெரிய வந்தால், நோய் மன்னிக்கப்பட்டாலும் பொய் மன்னிக்கப்படாது. உங்கள் பழைய மருத்துவ அறிக்கைகளை இப்போதே ஒரு கோப்பில் சேர்க்கத் தொடங்குங்கள்.

கையெழுத்திடும் முன், மேலே சொன்ன கடன், காப்புறுதிக் கேள்விகளைப் பெற்றோரோடு சேர்ந்து கேளுங்கள். இன்னொரு தகுதியையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விமானப் பராமரிப்பு, பாதுகாப்பு நிர்வாகம், பொறியியல் என்று இத்துறையிலேயே பல வேலைகள் உண்டு. ஸ்லேட்டனுக்குத் தரையில் செய்யப் பயனுள்ள ஒரு வேலை இருந்தது. பத்து ஆண்டுகள் பொறுமையாக இருக்க அதுவும் அவருக்குத் துணை நின்றது.

விமானி ஆக எண்ணாதவர்களுக்கும் இதில் பங்குண்டு. தாதியாக, லாரி ஓட்டுநராக, அறுவைச் சிகிச்சை நிபுணராக, எண்ணெய்க் கிணற்றுப் பொறியாளராக நீங்கள் ஆகலாம். பிறர் உயிர் உங்கள் கையில் இருக்கும் எந்த வேலையிலும், “இன்று எனக்கு உடம்பு சரியில்லை, நான் இதைச் செய்யக் கூடாது” என்று சொல்லத் துணிவு வேண்டும். அந்தத் துணிவைப் பழகிக்கொள்ளத் தேர்வு மண்டபமும் பள்ளி விளையாட்டுத் திடலுமே போதும்.

நோய் வருவது குற்றமல்ல. அதற்குத் தண்டனை கொடுக்கும் சமூகத்தில் எல்லாரும் நலமாக இருப்பதாக நடிப்பார்கள். நடிப்பவர் ஓட்டும் விமானத்தைவிட, நோயை ஒப்புக்கொண்டு, சிகிச்சை பெற்று, சோதனைகளில் தேறி, நிபந்தனையோடு திரும்பி வந்தவர் ஓட்டும் விமானத்தில் ஏறுவதையே நான் விரும்புவேன்.